பழைய சைக்கிளுக்குப் பழுப்பு ஓர டயர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து ஓவராயில் செய்து ஓட்டும் இளைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படத்தில் இருந்த கறுப்பு ராலே, மட்கார்டில் தங்கக் கோடு, தோல் சீட்டு, ஓரம் பழுப்பாக மின்னும் டயர் எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் டயரைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பழைய தோற்றம் வேண்டுமென்றால் பழுப்பு ஓர டயர் போட வேண்டும், இணையத்தில் கிடைக்கிறது என்று அதோடு முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் பணத்தை அனுப்பப் போகிறார்களோ என்று நினைத்ததும் மனசு கேட்கவில்லை. இதே மாதிரி ஒரு பேச்சை நம்பித்தான் நானும் வாங்கினேன், மூன்று ஜோடி வீணாகி, நாலாவது ஜோடிதான் இப்போது என் சைக்கிளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரம்தான். என் சைக்கிளும் ஒரு ராலேதான். எங்கள் அப்பா அதை நாகர்கோவிலில் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கியது 1957-இல், அதாவது எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த அடுத்த வருடம். கேரியரில் ரப்பர் ஷீட்டை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார், இருட்டிய பிறகு டைனமோ லைட்டைப் போட்டுக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் மிதித்துத் திரும்பி வருவார். அந்த டைனமோவின் 'கிர்ர்' சத்தம் வளைவில் கேட்டதும் அம்மா அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அந்த வண்டி இன்றும் இருக்கிறது, நான் தினமும் காலையில் அதில்தான் பால் சொசைட்டி வரை போய் வருகிறேன். அதனால் நான் சொல்வது ஷோகேஸில் வைக்கும் வண்டிக்கான யோசனை இல்லை. மழையிலும் கல்லிலும் ஓடும் வண்டிக்கானது.

முதலில் அந்தப் பழுப்பு நிறம் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும், அது தெரியாமல்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். அது பெயின்ட் இல்லை, ரப்பரின் சொந்த நிறம். சிரட்டையில் வடியும்போது ரப்பர் பால் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் அடித்து, நிழலில் வடிய விட்டு, புகைபோட்டு நாலைந்து நாள் கழித்து எடுத்தால் ஷீட் தேன் நிறத்தில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊடே பார்க்கிற மாதிரி வந்துவிடும். டயரின் பழுப்பு ஓரமும் ஏறக்குறைய அதே குடும்பத்து நிறம்தான். கறுப்பு பிறகு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் டயர் ரப்பரில் கார்பன் பிளாக் என்ற கரித்தூளைக் கலக்க ஆரம்பித்தார்கள், அதற்கு முந்திய டயர்கள் எல்லாம் வெளிர் நிறம். கரித்தூள் சேர்ந்ததும் ரப்பர் சீக்கிரம் தேயாமல் உறுதிப்பட்டது, வெயிலின் புற ஊதாக் கதிரும் உள்ளே இறங்காமல் மேலேயே தடுக்கப்பட்டது. ரோட்டில் உரசும் பகுதிக்குக் கறுப்பு ரப்பரும் ஓரத்துக்குக் கரி சேராத ரப்பரும் வைத்துச் செய்ததுதான் நாம் ஆசைப்படும் இரண்டு நிற டயர். ஆக, அழகாக இருக்கும் அந்த ஓரத்துக்கு வெயிலைத் தாங்கும் காவல் பிறப்பிலேயே குறைவு. ரப்பர் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஷீட்டை உச்சி வெயிலில் நாள்கணக்கில் போட்டால் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, என் முதல் ஜோடி கதைக்கு வருகிறேன். இணையத்தில் ஒரு கடையில் "28 இன்ச் வின்டேஜ் டயர், பழுப்பு ஓரம்" என்று போட்டிருந்தார்கள். என் வண்டிக்கும் 28 இன்ச் டயர்தானே என்று வாங்கினேன். எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன், அவருக்கு எழுபது தாண்டியிருக்கும், நான் டிரவுசர் போட்ட காலத்திலிருந்து அவர்தான் இந்த வண்டியைப் பார்க்கிறார். ஒரு பக்கத்தை ரிம்மில் மாட்டப் பார்த்தார், பாதி ஏறியது, அதற்கு மேல் அசையவில்லை. லிவரைக் கீழே வைத்துவிட்டு டயரைத் திருப்பித் திருப்பி எழுத்தைப் பார்த்தார். "மக்களே, இது ஏறாது கேட்டியா. பலம் குடுத்தா உள்ள கெடக்க கம்பி போவும், இல்லேன்னா ரிம்மு கோணும்" என்றார். டயரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 622 என்று முடியும் ஒரு எண் இருந்தது. எங்கள் ரிம்முக்கு வேண்டியது 635.

இந்த எண்ணைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று நான் கையைப் பிடித்துச் சொல்லுவேன். இன்ச் கணக்கு என்பது டயரின் வெளிவட்டத்தை வைத்து அந்தக் காலத்தில் உத்தேசமாக வைத்த பெயர்தான். ஒரே 28 இன்ச் என்ற பெயரில் வெவ்வேறு ரிம்முக்கான டயர்கள் உண்டு. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் ஐ.எஸ்.ஓ. 5775 என்ற உலகப் பொது முறையில் இரண்டு எண்ணைச் சேர்த்துப் போடுகிறார்கள்: முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயரின் விளிம்புக்குள் ஓடும் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். எங்கள் ராலே மாதிரியான, ரோட்ஸ்டர் என்று சொல்லும் பழைய கனத்த வண்டிகளின் 28 × 1½ டயருக்கு அந்த எண் 40-635. இப்போது வரும் 700சி ரேஸ் வண்டிக்கும் ஹைபிரிட் வண்டிக்கும் 622, அதையும் பல கடைகளில் 28 இன்ச் என்றே சொல்லி விற்கிறார்கள். பழைய கியர் ரேஸ் வண்டிகளின் 27 × 1¼ என்றால் 630. ராலே ஸ்போர்ட்ஸ் மாதிரி 26 × 1⅜ வண்டிக்கு 590, ஆனால் 26 × 1½ என்று எழுதியிருந்தால் 584, மலைச் சைக்கிளின் 26 என்றால் 559. மூன்றும் 26 தான், ஒன்றின் டயர் இன்னொன்றில் உட்காராது! 622-க்கும் 635-க்கும் வித்தியாசம் வெறும் 13 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், அது விட்டத்தில். சுற்றளவில் பார்த்தால் நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைகிறது, கம்பி எப்படி நீளும்? சின்ன டயர் ஏறாது என்பதாவது ஒரு வகையில் பரவாயில்லை, பணம் மட்டும்தான் போகும். கொஞ்சம் பெரிய டயர் சின்ன ரிம்மில் சுலபமாக ஏறிவிடும், காற்று அடித்து இறக்கத்தில் வரும்போது கழன்று பிதுங்கும், அதுதான் ஆபத்து.

இன்னொன்று, நம் ஊரில் 22 இன்ச் சைக்கிள், 24 இன்ச் சைக்கிள் என்று சொல்வது பிரேமின் உயரத்தை, வீலை இல்லை. எங்கள் வண்டி 24 இன்ச், அதன் வீல் 28. இதைக் குழப்பிக்கொண்டு 24 இன்ச் டயர் வாங்கி வந்த ஒருவரை அண்ணாச்சி கடையிலேயே பார்த்தேன்.

பழைய டயரில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தால், டயரைக் கழற்றிவிட்டு ரிம்மின் உள்ளே டயர்க் கம்பி உட்காரும் விளிம்பைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். 199 சென்டிமீட்டர் சொச்சம் வந்தால் 635, 195 சொச்சம் வந்தால் 622, 185 பக்கம் வந்தால் 590. 630 என்றால் 198 பக்கம் வரும், 635-க்கு மிக அருகில் இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் மெதுவாக, இரண்டு தடவை அளக்க வேண்டும்.

இரண்டாவது ஜோடி சரியான 635. கருப்பட்டி நிறத்தில் ஓரம், மெல்லிசான டயர், மாட்டியதும் வண்டி புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டது, நாலு பேர் நிறுத்தி விசாரித்தார்கள். எட்டு மாதம்தான். திருவட்டாறு பக்கம் ஒரு இறக்கத்தில் பின்னால் ஏதோ தட்டுகிற மாதிரி இருந்தது, இறங்கிப் பார்த்தால் ஓரத்தில் நூல் பிரிந்து அதன் வழியே டியூப் கோழிமுட்டை அளவுக்கு வெளியே பிதுங்கி நிற்கிறது. நான் பதறிப்போய் வால்டியூபைத் திறந்து காற்றை இறக்கிவிட்டு, தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். அண்ணாச்சி அந்த இடத்தை நகத்தால் கீறிக் காட்டினார். "இதுல ரப்பரே இல்ல மக்களே. வெறும் துணியாக்கும், மேல பசை தடவி வச்சிருக்கான்."

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பழுப்பு ஓரம் என்று ஒரே பேரில் விற்பதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, டயரின் உள்துணி அப்படியே ஓரத்தில் வெளியே தெரியும், மேலே மெல்லிய ரப்பர்ப் பூச்சு மட்டும் இருக்கும், ஸ்கின் வால் என்பார்கள். எடை குறைவு, நன்றாக வளைந்து கொடுக்கும், பந்தய வண்டிக்குச் சுகம். இன்னொன்று, துணியின் மேல் கரி சேராத ரப்பரையே ஒரு படலமாகப் போர்த்தியிருப்பது, அதுதான் கம் வால். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கையில் எடுத்தால்தான் தெரியும். ஓரத்தை இரண்டு கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள், குறுக்கும் நெடுக்கும் ஓடும் நூல் வரிகள் தெளிவாகத் தெரிந்தால் அது துணி. வழவழவென்று, விரலுக்குக் கொஞ்சம் கனமாக, நூல் எதுவும் தெரியாமல் இருந்தால் அது ரப்பர். ஒரு இன்ச்சுக்கு எத்தனை நூல் என்பதையும் சில டயரில் எழுதுவார்கள். 120 நூல் என்றால் உயர்ந்த டயர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், நூல் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு நூலும் மெல்லிசு, ஓட்டத்துக்கு நல்லது, உழைப்புக்கு இல்லை. கேரியரில் பாரம் வைத்து ஓட்டும் வண்டிக்கு 30 சொச்சம் நூல் உள்ள தடித்த துணியே போதும், அதுதான் வேண்டும். பருத்தி நூலா நைலான் நூலா என்றும் கேளுங்கள். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் எங்களைப் போன்ற ஊரில் பருத்தி ஈரம் குடித்து இற்றுப்போகும்.

அந்த டயர் எட்டே மாதத்தில் போனதற்கு மழை மட்டும் காரணமில்லை. டைனமோவும்தான். அப்பாவின் நினைவாக அதை நான் கழற்றவில்லை, 6 வோல்ட் 3 வாட் டைனமோ, இன்றும் எரிகிறது. அதன் உருளை டயரின் ஓரத்தில் அழுத்தி உருண்டுதான் மின்சாரம் வருகிறது, நாம் அழகு பார்க்கும் அதே பழுப்பு ஓரத்தில்! துணி ஓரத்தின் மேல் அந்த இரும்புப் பல் உருண்டால் அரம் வைத்து ராவுகிற மாதிரிதான். டைனமோ வைத்திருப்பவர்கள் ஓரத்தில் கோடு கோடாக வரிப்பள்ளம் போட்ட தனிப்பட்டை உள்ள டயராகப் பார்த்து வாங்க வேண்டும், அந்தப் பட்டை உருளைக்காகவே வைத்தது. அப்புறம் டைனமோவின் நடுத்தண்டு வீலின் அச்சை நேராகப் பார்க்கிற மாதிரி திருப்பி முடுக்க வேண்டும். சாய்வாக நின்றால் உருளை உருளாமல் இழுபடும், சத்தமும் அதிகம் வரும், ஓரமும் சீக்கிரம் தேயும். என் வண்டியில் பல வருடமாக அது சாய்ந்தே இருந்திருக்கிறது, இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கவனித்தேன்.

ஒயருக்குப் பதில் இரும்புத் தண்டு இழுக்கும் கம்பி பிரேக் வைத்த ரோட்ஸ்டர்காரர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. அந்த வண்டிகளில் வரும் வெஸ்ட்வுட் என்ற வகை ரிம்மில் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை, போக்ஸ் கம்பி இருக்கும் பக்கத்திலிருந்து மேலே இழுத்துப் பிடிக்கிறது, டயர் ஓரத்தின் பக்கமே வராது. ஒயர் பிரேக் வைத்த 26 × 1⅜ ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கட்டை ஒரு நெல் அளவு மேலே தூக்கி நின்றாலும் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஓரத்தை மென்றுகொண்டே இருக்கும்.

மூன்றாவது ஜோடியைப் பற்றி எழுதவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் நான் இழந்தது பணம் மட்டுமில்லை. பழைய சாமான் விற்கும் ஒருவர், கடை மூடியபோது மிஞ்சிய ஸ்டாக், பல வருடமாகப் பிரிக்காதது, காகிதம் சுற்றியபடியே இருக்கிறது என்று சொன்னார். பார்த்தேன், நாலு ரப்பர் ஷீட் விற்ற காசுக்கு மேல் கேட்டாலும் கொடுத்துவிடலாம் போலிருந்தது, அப்படியொரு டயர். காகிதத்தைப் பிரித்தபோது வந்த வாசனையில் எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது. வீட்டில் கொண்டுவந்து மாட்டிக் காற்று அடிக்க அடிக்க, ஓரத்தில் முடி முடியாக வெடிப்பு விரிந்தது, நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போதே! ஓட்டாத டயர் புது டயர் என்று நாம் நினைக்கிறோம், அது தப்பு. காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரைத் தின்றுகொண்டேதான் இருக்கும், மடங்கி இழுபட்டு நிற்கும் இடத்தில் முதலில் வெடிக்கும். ஓசோனைத் தடுக்க ரப்பரில் ஒரு மெழுகைக் கலந்திருப்பார்கள். அந்த மெழுகு மேலே கசிந்து படலமாக நிற்கும், ஆனால் பல வருடம் மடங்கிக் கிடந்த டயருக்கு அந்தக் காவல் பற்றாது. பழைய ஸ்டாக் டயரைக் கண்காட்சிக்கு வைக்கும் வண்டியில் மாட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ரோட்டில் ஓட்டாதீர்கள். முன் சக்கரத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

நாலாவது ஜோடியை நான் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் போய், கையில் எடுத்து வளைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். 40-635, ஓரத்தில் நூல் தெரியாத தடித்த ரப்பர், டைனமோ பட்டை, கம்பி விளிம்பில் துணி பிசிறு இல்லை, உள்ளே கையை விட்டுத் தடவினால் மேடு பள்ளம் இல்லை, செய்த மாதம் ஓரத்தில் அச்சாகியிருந்தது. நிறம் அந்த இரண்டாவது ஜோடியின் அழகு இல்லை, கொஞ்சம் மங்கல், செம்மண் பட்டுப் பட்டு இப்போது இன்னும் மங்கிவிட்டது. இரண்டு வருடம் தாண்டிவிட்டது, பின் டயரில் மூன்று பஞ்சர், மூன்றும் ரோட்டில் உரசும் பகுதியில் முள்ளும் ஆணியும் குத்தியது, ஓரத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த மங்கல்தான் இப்போது அழகாகத் தெரிகிறது.

ஊர் ஊராக நல்ல கடை இருக்காது, வெளியிலிருந்து வரவழைக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: லூதியானாவில் ரால்சன் போன்ற ஆலைகளில் இன்றும் சைக்கிள் டயர் செய்கிறார்கள், 635-இல் கறுப்பு டயர் நம் நாட்டில் தட்டுப்பாடு இல்லை. பழுப்பு ஓரம்தான் தேட வேண்டும். ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் டெல்டா குரூசர் பழைய வண்டிகளை மனதில் வைத்தே வருவது, 40-635 அளவிலும் உண்டு. எந்த நிறத்தில் அந்த அளவு கிடைக்கிறது என்பதை வாங்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். 27 × 1¼ வண்டிக்கு ஜப்பானின் பானரேசர் பசேலா பழுப்பு ஓரத்தோடு வெகுகாலமாக வருகிறது, ஆனால் அது மெல்லிய ஓரம், பாரம் ஏற்றும் வண்டிக்கு இல்லை. 26 × 1⅜-க்குத் தைவானின் கெண்டா கம் வால் டயர் செய்கிறது. எந்தப் பெயராக இருந்தாலும் அந்த மூன்று இலக்க எண்ணைப் படத்தில் காட்டச் சொல்லிக் கேட்டு, பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேண்டாம்.

வாங்கிய பிறகு கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கும்போது மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ரிம், போக்ஸ் எல்லாம் துடைத்து, மினுமினுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அதே துணியை டயர் மேலும் ஓட்டிவிடுவோம். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்தேன், டயர் கறுகறுவென்று பளபளக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் விஷம். உறிஞ்சி ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும், கொஞ்ச நாளில் பொரிந்து உதிரும். கரி சேராத பழுப்பு ஓரத்தில் எண்ணெய்க் கறை போகவும் போகாது. ஈரத் துணியில் கொஞ்சம் சோப்பு போதும். செயினுக்கு எண்ணெய் விடும்போதும் பின் டயர் மேல் சொட்டாமல் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், மருந்தடிக்கும் மெஷினும் மயில்துத்தமும் வைக்கும் மூலையில் நாங்கள் ஷீட்டை அடுக்க மாட்டோம், மயில்துத்தத்தில் செம்பு உண்டு, செம்பு பட்டால் ரப்பர் கெடும். டயருக்கும் அதே கதிதான்.

புது டயர் மாட்டுவதற்கு முன் ரிம்மின் உள்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். பழைய ரிம்மில் துரு பொருக்குப் பொருக்காக நிற்கும், போக்ஸ் முனை ஒன்றிரண்டு தலையை நீட்டிக்கொண்டு இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாடாவைப் புதிதாகச் சுற்றிவிட்டு மாட்டினால் டயரின் கம்பியும் பிழைக்கும் டியூபும் பிழைக்கும். இந்த வேலைக்கு அண்ணாச்சி ஒரு முழு மத்தியானம் எடுத்துக்கொண்டார், எனக்கு அவசரம், அவருக்கு இல்லை. அவர் செய்ததுதான் சரி.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரம் வெடிப்பதற்குக் குறைந்த காற்றைப் போல ஒரு காரணம் கிடையாது. டயர் அமுங்கி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓரம் மடிந்து நிமிர்கிறது, நூலும் ரப்பரும் அந்த மடிப்பில்தான் விட்டுப்போகும். டயரிலேயே எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும், ரோட்ஸ்டர் டயருக்குப் பெரும்பாலும் 50 பி.எஸ்.ஐ. அக்கம்பக்கம். பாரம் வைக்கும் நாளில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குப் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வால்டியூப் வால்வில் காற்று மெதுவாக இறங்கும், வாரம் ஒரு தடவை பம்பை எடுக்காமல் முடியாது. வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை: நம் வண்டியின் பெரிய ஸ்டாண்டு பின் சக்கரத்தைத்தான் தூக்கும், முன் சக்கரம் தரையிலேயே அமுங்கி நிற்கும். காற்றும் இறங்கி ஒரே இடத்தில் மடிந்து நின்றால் அந்த இடத்தில்தான் முதல் வெடிப்பு வரும். வாரம் ஒரு தடவை சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி வைத்தாலே போதும். மேற்குப் பார்த்த திண்ணையில் மாலை வெயில் நேராக விழுகிறதா என்றும் பாருங்கள், விழுந்தால் ஒரு சாக்கைப் போட்டு மூடுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கறுப்பு டயரே போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என் தம்பியே கேட்டான். வண்டி முழுநாளும் வெயிலில் நிற்கும், டைனமோவும் உண்டு, கவனிக்க நேரமில்லை என்றால் தயங்காமல் கறுப்பே போடுங்கள், அந்தக் காலத்து வண்டிகளிலும் கறுப்பு டயர் ஓடியிருக்கிறது, அதனால் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பழுப்பு வேண்டும், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பா கேரியரில் கட்டிக்கொண்டு போன ஷீட்டின் நிறமும் கீழே உருண்ட டயரின் ஓரமும் ஒன்றுபோல இருந்ததைச் சின்ன வயதில் பார்த்து, நம் தோட்டத்து ரப்பரில்தான் அப்பாவின் டயரைச் செய்திருக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் சைக்கிள் உதிரிபாக விளம்பரங்கள் வருகின்றன, அவற்றில் 28 இன்ச், 26 இன்ச் என்று மட்டும் போட்டால் பற்றாது, 635 என்றோ 590 என்றோ அந்த எண்ணையும், ஓரம் ரப்பரா துணியா என்பதையும், டயர் செய்த மாதத்தையும் சேர்த்துப் போடச் சொல்லி விளம்பரதாரர்களிடம் கேட்க முடியுமா? ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அந்த இளைஞர்களைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதும்போது அவர்கள் வண்டியின் டயரைக் கொஞ்சம் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், எண் தெரிகிற மாதிரி. படத்தில் இருந்த அந்தக் கறுப்பு ராலேயின் முன் டயரில், மட்கார்டு கம்பிக்குக் கீழே, ஓரத்தில் நூல் தெரிகிறது என்று எனக்குச் சந்தேகம். வண்டிக்காரத் தம்பியிடம் ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மழைக்கு முன்னால்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்